இரண்டாவது சரணத்தில் மேலே போன குரல்

ஒலிப்பதிவாளர் அறைக்குள் வந்த விதமே சரியில்லை. கதவைத் தட்டுகிற பழக்கமே இல்லாத ஆசாமி அவர். பாதி உடம்பை மட்டும் உள்ளே நீட்டி, "சார், பாட்டு அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவார். இன்றைக்குத் தட்டினார், லேப்டாப்பும் ஹெட்போனுமாக உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார், சாத்திய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். காதுக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

காதுக்காரர் என்பது பட்டப்பெயர். பெரிய இசைக் கம்பெனி ஒன்றில் அவர் பாடல் பிரிவின் தலைவர். எந்தப் பாட்டும் வெளியே போவதற்கு முன் கடைசியாகக் கேட்டுத் தலையாட்டுகிறவர் அவர்தான். அவர் தலை ஆடினால் பாட்டு ஊருக்குள் போகும், ஆடாவிட்டால் அலமாரிக்குள் போகும். பாடகர் யாராவது தொண்டையைச் செருமினால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவார் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, கேசட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அந்தக் காதை ஏணியாக்கி இவ்வளவு தூரம் ஏறிவிட்டார். இன்னும் ஒரே ஒரு படி பாக்கி. வரும் வெள்ளிக்கிழமை மேடையில் முதலாளி அவரைக் கம்பெனியின் தலைமை நிர்வாகி என்று அறிவிக்கப்போகிறார். புதுக் கோட்டு தைத்து வந்துவிட்டது.

"சார், அந்தப் பாட்டு இருக்கில்ல..." என்று ஆரம்பித்தார் ஒலிப்பதிவாளர்.

"எந்தப் பாட்டு?"

கேட்டிருக்கவே வேண்டாம். அப்போது ஊரில் இருந்ததே ஒரு பாட்டுதான். பஸ்ஸில் அது, முடிவெட்டும் கடையில் அது, பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தாலும் தலைக்கு மேலே அது. பாடியவர் தொழிலில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் பெரிய பாடகி. அக்காவின் குரலுக்கு வயதாகிவிட்டது என்று முணுமுணுத்தவர்களின் வாயை அடைத்த பாட்டு. வெள்ளிக்கிழமை மேடையே அந்தப் பாட்டின் வெற்றிக்குத்தான்.

"மேடைக்காகக் குரலை எடுத்துட்டு இசையை மட்டும் தனியாப் பிரிக்கலாம்னு பதிவைத் திறந்தேன் சார். அதுல அக்கா குரல் மூடியிருக்கு."

"மூடியிருக்குன்னா?"

"மியூட்ல இருக்கு சார். அக்கா பாடினது வெளியே போகவேயில்லை. போனது டிராக்கு."

காதுக்காரர் எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

டிராக் என்றால் வேறொன்றும் இல்லை. பெரிய பாடகிகளுக்கு உட்கார்ந்து மெட்டுப் பழக நேரம் கிடையாது. அதனால் இசையமைப்பாளர் முதலில் வேறு யாரையாவது வைத்து முழுப்பாட்டையும் பாடிப் பதிவு செய்துவிடுவார். பெரிய பாடகி வந்து ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பாடிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அதற்கப்புறம் டிராக் குரலை மூடிவிடுவார்கள். டிராக் பாடுகிறவர் தன் சாயல் தெரியாமல், பெரிய பாடகியின் சாயலிலேயே பாட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பெயர் எங்கும் வராது. இந்த முறை அவசரத்தில் யாரோ ஒரு பொத்தானுக்குப் பதில் பக்கத்துப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். அந்தப் பதிவைக் கேட்டுக் கடைசியாகத் தலையாட்டியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"டிராக் பாடினது யாரு?"

ஒலிப்பதிவாளர் திருதிருவென விழித்தார். "சார்... நம்ம மேடம்தான்."

"எந்த மேடம்?"

"உங்க மேடம் சார். வீட்டு மேடம்."

மனைவி அவ்வப்போது டிராக் பாடப் போவது காதுக்காரருக்குத் தெரியும், எந்தப் பாட்டுக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கையை நீட்டி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். முதல் வரி வந்தது. எத்தனையோ முறை கேட்ட அதே வரி. ஆனால் தெரிந்துகொண்டு கேட்டபோது, காதுக்குள் உட்கார்ந்து பாடியது அவருடைய மனைவியேதான். வரியை எடுப்பதற்கு முன்னால் மூக்கால் இழுக்கிற அந்தச் சின்ன மூச்சு, குளியலறையில் துணி அலசும்போது முனகுகிற அதே குழைவு. கல்யாணத்துக்கு முன் ஒரு இசைக்குழு மேடையில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, மூன்று பஸ் மாறிப் போய்ப் பெண் கேட்ட மனிதர் இவர்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்தான் சார். இசையமைப்பாளர் வெளிநாட்டுல இருக்காரு. அவருக்கும் தெரிஞ்சிருக்காது. பேட்டி குடுத்தாரே, பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தார். பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஓர் இடம் உண்டு. எல்லோரும் கீழே இறங்கும் என்று நினைக்கிற வரி, திடீரென்று மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். ஊரே வாயைத் திறந்துகொண்டு கூடப் பாடுவது அந்த இடத்தைத்தான். அது தனக்குக் குளிக்கும்போது வந்த யோசனை என்று இசையமைப்பாளர் பேட்டியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தார். மூடியிருந்த அக்காவின் குரலை ஒலிப்பதிவாளர் இப்போது திறந்து காட்டினார். அக்கா அந்த இடத்தில் சமர்த்தாகக் கீழேதான் இறங்கியிருந்தார். இசையமைப்பாளர் நேரில் சொல்லிக்கொடுத்த மெட்டு அதுதான் போலிருக்கிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும் அக்கா டிராக்கைப் பின்பற்றவில்லை. மேலே போனது மனைவி மட்டும்தான். மறந்துபோய்ப் போனாளோ, மனசு கேட்காமல் போனாளோ, யாருக்குத் தெரியும்.

"அக்கா மேடையில கீழ இறங்கினா முடிஞ்சுது சார்," என்றார் ஒலிப்பதிவாளர். "அத்தனை கூட்டமும் மேல பாடும், அக்கா மட்டும் கீழ பாடுவாங்க. இன்னிக்கு மதியமே ரிகர்சல். முதலாளி வேற நேர்ல வர்றாராம்."

"வெளிய மூச்சு விடாதீங்க," என்றார் காதுக்காரர். அவருக்கே மூச்சு ஒழுங்காக வரவில்லை.

ஒலிப்பதிவாளர் போனபின் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி வெளியே வந்தால் அக்கா சும்மா விடமாட்டார். கீபோர்டு வாசித்தவர் மேல் மைக் ஸ்டாண்டைத் தூக்கி வீசிய பெண்மணி அவர். அக்கா போனால் கம்பெனியின் முகமே போய்விடும். முதலாளிக்கு முகம் முக்கியம். அது போகக் காரணமானவனைக் கோட்டோடு சேர்த்துத் தெருவில் நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் தொழிலில் எவன் இவரை மதிப்பான்? பெண்டாட்டி குரல் தெரியாத காது என்று சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். இந்த வயதில் மறுபடியும் போய் பில் போடக் கேசட் கடைகூட இப்போது கிடையாது.

இதெல்லாம் ஒரு பயம். இதற்கு அடியில் இன்னொரு பயம் மெதுவாகத் தலையைத் தூக்கியது.

பாட்டு தயாரான வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டே அதை மனைவிக்குப் போட்டுக் காட்டியிருந்தார். கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் அசையாமல் நின்று கேட்டாள். இரண்டாவது சரணம் வந்ததும் இவர் விரலை உயர்த்தி, "இந்த இடத்தைக் கேளு. இதுதான் அக்கா. நீயும்தான் டிராக் பாடறே, உனக்கு இந்த இடம் வருமா?" என்று சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னார். அவள் போட்டாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். குழாய்ச் சத்தம் அன்றைக்கு ரொம்ப நேரம் கேட்டது.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும். தெரிந்தும் இத்தனை வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் காபி கொடுத்தாள், கோட்டின் கை நீளம் சரியா என்று பார்த்தாள், பக்கத்து வீட்டில் அந்தப் பாட்டு பாடினால் ஜன்னலைச் சாத்தினாள். ஏன்? எதற்காகக் காத்திருக்கிறாள்?

பயந்தவன் புத்தி எங்கெல்லாம் ஓடும் என்று சொல்லவே வேண்டாம். போன வாரம் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்து, "என்ன மாப்ளே, பாட்டெல்லாம் அமோகமாப் போகுது போலிருக்கே" என்று முதுகில் தட்டியது ஞாபகம் வந்தது. அண்ணன் வக்கீல். அன்றைக்கு அது சாதாரண விசாரிப்பாகத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் நோட்டீஸ் கொடுத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை, கோட்டுப் போட்டு, மேடை ஏறி, முதலாளி அறிவிக்கிற நேரத்தில், முதல் வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்றால்? நின்று அந்த ஒரு இடத்தை மட்டும் பாடிக் காட்டினால் போதுமே. மைக்கூட வேண்டாம்.

அவள் அப்படிச் செய்கிறவளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

போன் அடித்தது. திரையில் அக்கா.

"தம்பி," என்றார் அக்கா. அந்தக் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "ரிகர்சல் ஹாலுக்கு உடனே வாங்க. வரும்போது உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"அவ எதுக்கு அக்கா?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. குடி முழுகியது என்று காதுக்காரர் நினைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "அக்கா உன்னைக் கூப்பிடுறாங்க" என்று சொன்னபோது மனைவி ஏன் என்று கேட்கவில்லை. சேலையை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். அவள் கேள்வி கேட்காதது, கேட்டிருந்தால் பயமுறுத்தியிருக்கக்கூடியதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க போட்டுக் காட்டினீங்களே, அப்பவே."

"ஏன் சொல்லலை?"

அவள் வெளியே பார்த்தாள். பக்கத்தில் நின்ற பஸ்ஸில் யாரோ தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள்.

"முதல்ல, நீங்க விளையாடுறீங்கன்னு நினைச்சேன். தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க, பாட்டு முடிஞ்சதும் 'இது யாருன்னு தெரியுதா'ன்னு கேக்கப் போறீங்கன்னு. எனக்கு நெஞ்சு அப்படி அடிச்சுக்கிச்சு. பாட்டு முடிஞ்சுது. நீங்க இன்னும் கொஞ்சம் சாதம் போடுன்னீங்க."

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? 'என்னங்க, நான்தாங்க உங்க பொண்டாட்டி'ன்னு சொல்லணுமா?"

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவர் வண்டியை எடுத்தார், எடுத்த வேகத்தில் அது குலுங்கி நின்றுபோனது, மறுபடியும் கிளப்பினார்.

"உங்க அண்ணன்கிட்ட சொன்னியா?"

"அண்ணன்கிட்ட எதுக்கு?"

"இல்ல... அவரு வக்கீல்."

அவள் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னைப் பாத்தா பயமா இருக்கா உங்களுக்கு?"

"சேச்சே, எனக்கென்ன பயம்," என்றார் காதுக்காரர். ஸ்டீயரிங்கில் அவருடைய உள்ளங்கை வழுக்கிக்கொண்டிருந்தது.

"நான் பாடணும்னு கேட்டப்பல்லாம், 'நான் இந்தப் பதவியில இருந்துக்கிட்டு உனக்கு வாய்ப்புக் குடுத்தா ஊரு பேசும்'னு சொல்வீங்க," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப ஊரு பாடுது. யாரும் ஒண்ணும் பேசலை."

ரிகர்சல் ஹால் ஒரு பழைய கிடங்கு. சுவரெல்லாம் பழுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும், தரையெல்லாம் வயர் ஓடும். இவர்கள் உள்ளே நுழைந்ததும் அக்கா வாத்தியக்காரர்கள் எல்லோரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர்களும் தப்பித்தோம் என்று ஓடினார்கள். அக்கா எப்போதும் போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாத அக்காவை இதுவரை காதுக்காரர் பார்த்ததே இல்லை. வேறு யாரோ ஒரு களைத்த அம்மாள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

காதுக்காரர் மைக் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார். நல்லவேளை, தள்ளித்தான் இருந்தது.

"தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடுங்க," என்றார் அக்கா. "என்னைத் தூக்கிட்டீங்களா?"

"அக்கா?"

"என் பாட்டை நானே கேக்க மாட்டேன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. அது நானே சொல்லிவெச்ச கதை. ஒவ்வொரு பாட்டையும் ரூமைப் பூட்டிக்கிட்டுக் கேப்பேன். எங்க குரல் தேஞ்சிருக்கு, எங்க நடுங்குதுன்னு பாப்பேன். இது நான் இல்லை, ஹெட்போன்ல கேட்ட உங்க வீட்டம்மா டிராக்குன்னு முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு. சரி, ஏதோ தப்பு நடந்திருக்கு, பதறியடிச்சுப் போன் பண்ணுவாங்கன்னு பாத்தேன். யாரும் பண்ணலை. நீங்க பூங்கொத்து அனுப்பினீங்க."

அக்காவின் கை மடியில் கிடந்த துண்டைத் திருகிக்கொண்டே இருந்தது.

"அப்பத்தான் புரிஞ்சுது. சத்தம் காட்டாம வேற குரலைப் போட்டு, என் பேரை ஒட்டி, ஜனங்க ஏத்துக்கறாங்களான்னு பாக்கறீங்க. ஏத்துக்கிட்டாங்க. இப்ப வெள்ளிக்கிழமை என்னை மேடையில நிக்கவெச்சு, அந்த இடம் எனக்கு வரலைன்னு ஊரே பாக்கும்படி செய்யப்போறீங்க. அதுக்கப்புறம் நான் எதுக்கு? கேட்டாச் சண்டை போட வேண்டி வரும், சண்டை போட்டா 'கிழவிக்குப் பொறாமை'ம்பாங்க. இத்தனை வாரமா நான் தூங்கலை தம்பி. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நீங்கதான் சொல்லப் போறீங்கன்னு பயந்துக்கிட்டே எடுத்தேன்."

ஊரே நடுங்கும் அக்கா, காதுக்காரரைப் பார்த்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்றுவரை இவர் ஒரு பாவமும் அறியாமல் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அங்கே ஒருத்தி தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

இரக்கம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இரக்கத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. தப்பித்துவிடலாம் என்கிற எண்ணம். அக்கா இதைத் தவறு என்று நினைக்கவில்லை, திட்டம் என்று நினைக்கிறார். திட்டம் என்றே இருந்துவிட்டால்? தவறு செய்தவன்தான் தெருவுக்குப் போவான். திட்டம் போட்டவனுக்குப் பதவி கிடைக்கும். வீட்டிலும் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

"அக்கா," என்றார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "தப்பா எடுத்துக்காதீங்க. இது நல்லா யோசிச்சுப் பண்ணினதுதான். ரெண்டையும் வெச்சுக் கேட்டுப் பாத்தேன். இது நல்லா இருந்துது. போட்டேன்." தைரியம் வந்து மேலும் ஒரு வரியைச் சேர்த்தார். "இவ குரல் எனக்குத் தெரியாதா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். துண்டைத் திருகுவதுகூட நின்றுவிட்டது.

"பொய்க்கா," என்றாள் மனைவி.

அவள் போய் அக்காவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "யாரும் உங்களைத் தூக்கலை. எவனோ பொத்தானை மாத்தி அமுக்கிட்டான். அவ்வளவுதான். இவருக்கு இன்னிக்குத்தான் தெரியும். அது நீங்கதான்னு நினைச்சு, 'அக்கா மாதிரி உனக்கு வருமா'ன்னு என்கிட்டயே கேட்டாரு. நீங்க பயப்படாதீங்கக்கா."

அக்கா அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். காதுக்காரர் தரையில் ஓடிய வயர்களைப் பார்த்தார். அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்வது அப்போது மிக அவசியமாகப் பட்டது.

"உங்க சம்சாரம் குரல் உங்களுக்குத் தெரியலையா?" என்றார் அக்கா.

"தெரியலை அக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு உடம்பு முழுக்கக் குலுங்கியது, கடைசியில் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி கொஞ்ச நேரம் போனது. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரே சாயலில் பாடும் அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது பிறகுதான் இவருக்கு உறைத்தது. ஒருத்தி பாடிவிட்டுப் போன பிறகுதானே எப்போதும் இன்னொருத்தி வருவாள்.

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்லையே," என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. உயிர் திரும்பிய வேகத்தில் அதட்டலும் திரும்பியிருந்தது. "அந்த மேல போற இடத்தை நான் கத்துக்கறேன். நீ சொல்லிக் குடும்மா. என் குரல்ல பாடிடறேன். வெளிய போன பதிவையும் சத்தமில்லாம மாத்தச் சொல்லிடலாம். முதலாளிக்கும் தெரிய வேணாம், ஊருக்கும் தெரிய வேணாம். தம்பி பதவியும் பத்திரம்."

காதுக்காரருக்கு மூச்சு வந்தது. காலையிலிருந்து முதல் முறையாக முழு மூச்சு. இவ்வளவுதானா! கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"சொல்லித் தரேன்க்கா," என்றாள் மனைவி. "உங்களுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை." பிறகு இவரைப் பார்த்தாள். "ஆனா முதலாளி வர்றாரில்ல, அவர்கிட்ட இவரு ஒரே ஒரு தடவை சொல்லட்டும். பாட்டுல இருக்கறது யாருன்னு. அதுக்கப்புறம் மாத்துங்க, மூடுங்க, என்ன வேணா பண்ணுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"அவர்கிட்ட சொன்னா என் கதி என்னாகும்னு தெரியுமில்ல?" என்றார் காதுக்காரர். குரல் கீச்சென்று வந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்றே?"

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேங்க. அண்ணன்கிட்டயும் சொல்ல மாட்டேன், மேடையிலயும் எழுந்து நிக்க மாட்டேன். நீங்க நிம்மதியாத் தூங்கலாம்." அவள் கைப்பையை நாற்காலி ஓரத்தில் வைத்தாள். "நீங்களா சொன்னாச் சொல்லுங்க. இல்லைன்னா விடுங்க."

மிரட்டியிருந்தால் தேவலை. மிரட்டினால் கெஞ்சலாம், பேரம் பேசலாம், மைத்துனரைப் பிடித்துச் சமாதானம் பேசலாம். இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தது ஒரு பயம். இது அப்படிப்பட்டது இல்லை. சொல்லாமல் விட்டால் இவள் நாளைக்கும் காபி கொடுப்பாள், கோட்டைத் தேய்த்து மாட்டுவாள், சாதம் போடுவாள். சாகிறவரை போடுவாள்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. முதலாளி வந்துவிட்டார். மனிதர் எப்போதும் மொடமொடவென்று வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுவார். யார் தோளிலிருந்து கையை எடுத்தாரோ அந்த ஆளுக்கு மறுநாள் வேலை இருக்காது என்பார்கள்.

"என்ன, பாட்டுச் சத்தமே காணோம்?" என்றபடி வந்தவர் மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அடடே, மேடமும் வந்தாச்சா! வீட்டுக்காரர் பெரிய ஆளாகறதை வெள்ளிக்கிழமைவரை காத்திருந்து பாக்க முடியலையா?"

மனைவி எழுந்து வணக்கம் சொன்னாள். சிரித்தாள். முதலாளியின் கை காதுக்காரரின் தோளில் வந்து உட்கார்ந்தது. கனமான, கதகதப்பான கை.

"சார்," என்றார் காதுக்காரர்.

"சொல்லுங்க."

"சார், பாட்டுல இருக்கறது அக்கா குரல் இல்லை. இவ குரல். டிராக்கு மாறிப் போயிடுச்சு. நான்தான் கேட்டு ஓகே பண்ணினேன். எனக்கு... எனக்குத் தெரியலை சார்."

முதலாளி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு ஹால் அதிரச் சிரித்தார்.

"பலே! மேடத்தைச் சந்தோஷப்படுத்த இதைவிடப் பெரிய பொய் வேற என்ன இருக்கு? வீட்டுல ஏதாவது சண்டையா? அக்கா, கேட்டீங்களா இவரு சொல்றதை?"

அக்கா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்கினார். கையை எடுக்கவில்லை. வழி அகலமாகத் திறந்து கிடந்தது. காதுக்காரரும் கூட ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால் போதும். சொல்லச் சொன்னாள், சொல்லியாகிவிட்டது. அவர் நம்பவில்லை என்றால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? உதடு தானாகவே சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டது.

மனைவி நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. இப்படித்தான் ஆகும் என்று வருகிற வழியிலேயே தெரிந்துவைத்திருந்தவள் போல வாசலைப் பார்த்து நடந்தாள்.

முதல் முறை சொன்னபோது இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது முறை சொல்ல வாயைத் திறந்தார்.

"விளையாடலை சார்," என்றார். "நிஜமாத்தான் சொல்றேன். அந்தப் பாட்டைப் பாடினது இவதான். இவ குரல் எனக்கு அடையாளம் தெரியலை."

முதலாளியின் சிரிப்பு நின்றது. கை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. கை இருந்த இடம் குளிர்ந்ததை உணர்ந்தபடியே காதுக்காரர் நின்றார், கீழே விழாமல் நின்றார், அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசல்வரை போயிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா," என்றார் முதலாளி வறண்ட குரலில், "இவரு சொல்றது..."

"நிஜம்," என்றார் அக்கா.

மனைவி திரும்பி வந்தாள், கைப்பையைக் கழற்றித் தன் கணவரின் கையில் கொடுத்தாள், வயர்களைத் தாண்டிப் போய் மைக் முன்னால் நின்றாள்.